சர் ஜான் சார்ன்லி: செயற்கை இடுப்பு மூட்டும் அதைச் சுற்றியுள்ள எலும்பும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வலி இல்லை, நடை நன்றாக இருக்கிறது, அப்படியிருக்க ஏன் மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறீர்கள் என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்கான விடை, இச்சிகிச்சையை இன்றைய வடிவிற்குக் கொண்டுவந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் சர் ஜான் சார்ன்லியின் வாழ்க்கையிலேயே உள்ளது. செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வித வலியும் தராமல் கரையக்கூடும் என்பதையும், அதை முன்கூட்டியே காட்டவல்லது படம் மட்டுமே என்பதையும் அவர் தம் தோல்வியின் வாயிலாக அறிந்துகொண்டார். அவ்வரலாற்றையும், அதிலிருந்து நீங்கள் பெறக்கூடிய பயனையும் இப்பக்கம் விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

ஜான் சார்ன்லி 1911-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பெரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடை நடத்தியவர். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935-இல் பட்டம் பெற்ற சார்ன்லி, அடுத்த ஆண்டே அறுவை மருத்துவத்தின் உயர் தகுதியான எஃப்.ஆர்.சி.எஸ். தேர்விலும் தேறினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1940-இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படையினரை மீட்ட பணியில் பங்கேற்றார். பின்னர் எகிப்துக்கு அனுப்பப்பட்டு, காயமுற்ற வீரர்களுக்கான கால் தாங்கிகளையும் பிற கருவிகளையும் வடிவமைத்தார். பட்டறையில் எந்திரங்களோடு பழகும் ஆர்வம் அவருக்கு இளமையிலிருந்தே இருந்தது. பிற்காலப் பணி முழுவதற்கும் அதுவே அடித்தளமாயிற்று.

போர் முடிந்தபின் அவர் ஆஸ்வெஸ்ட்ரி நகரின் எலும்பு மருத்துவமனையில் சில மாதங்கள் பணியாற்றினார். எலும்பு ஒட்டு எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விரும்பி, தம்முடைய கீழ்க்கால் எலும்பிலேயே சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு சோதனை அறுவை செய்வித்துக்கொண்டார். அவ்விடத்தில் தொற்று ஏற்பட்டு, மேலும் அறுவை சிகிச்சைக்கு அவர் உட்பட வேண்டியதாயிற்று. எலும்பில் தொற்று ஏற்பட்டால் நோயாளி படும் துன்பத்தை அவர் தம் உடலிலேயே உணர்ந்தார். 1947-இல் மான்செஸ்டர் ராயல் மருத்துவமனையில் சிறப்பு மருத்துவராகப் பொறுப்பேற்றார். 1950-இல் எலும்பு முறிவுகளை அறுவையின்றிக் குணப்படுத்தும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது.

ஒலி எழுப்பிய மூட்டு

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துள் சுழலும் பந்து போன்றது. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணமாகவும், தொடை எலும்பின் மேல்முனை பந்தாகவும் அமைகின்றன. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். முடக்குவாதத்தாலோ மூட்டுத் தேய்வாலோ அக்குருத்தெலும்பு அழிந்தால், ஒவ்வோர் அடியும் வேதனையாகிவிடும். 1940-களின் இறுதியில் பாரிஸைச் சேர்ந்த ஜுடே சகோதரர்கள் சிதைந்த பந்தை நீக்கிவிட்டு, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆன பந்தைப் பொருத்தினர். தொடக்கத்தில் நன்கு நடந்த நோயாளிகள் பலருக்குச் சில காலத்தில் மூட்டு தளர்ந்து வலி திரும்பியது.

அத்தகைய மூட்டு பொருத்தப்பட்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் முன்னால் குனியும்போதெல்லாம் மூட்டு கீச்சென்று ஒலி எழுப்பியது. பிறர் இதை ஒரு வேடிக்கையாகக் கருதியிருக்கக்கூடும். சார்ன்லியோ அதைத் தடயமாகக் கொண்டார். ஒலி எழுகிறது என்றால் உராய்வு மிகுதியாக உள்ளது என்று பொருள். உராய்வு மிகுந்தால், பந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அதைத் தாங்கி நிற்கும் தண்டும் எலும்புக்குள் திருகப்படும். நாளடைவில் பிடிப்பு தளரும். இயற்கையான மூட்டில் உராய்வு எவ்வளவு என்பதை அவர் ஆய்வுக்கூடத்தில் அளந்தார். அது, பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்கும்போது உண்டாகும் உராய்வைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே, உராய்வு மிகக் குறைந்த செயற்கை மூட்டை உருவாக்குவதே அவருடைய இலக்காயிற்று.

ரைட்டிங்டன் மருத்துவமனையில் தொடங்கிய பணி

விகன் நகருக்கு அருகிலுள்ள ரைட்டிங்டன் என்னும் இடத்தில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்று இருந்தது. காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அங்குப் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. சார்ன்லி அவ்விடத்தை இடுப்பு மூட்டு அறுவைக்கான மையமாக மாற்றினார். அங்கேயே ஆய்வுக்கூடமும் பட்டறையும் அமைந்தன.

அவருடைய வடிவமைப்பில் மூன்று கூறுகள் இருந்தன. முதலாவது, சிறிய உலோகப் பந்து. பந்து சிறிதாக இருந்தால் கிண்ணத்தைத் திருகும் விசை குறையும் என்பது அவருடைய கணிப்பு. பல அளவுகளைச் சோதித்தபின் 22.225 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தை அவர் தேர்ந்தெடுத்தார். இரண்டாவது, வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம். மூன்றாவது, பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் வகையைச் சார்ந்த எலும்பு சிமென்ட். இது பசையைப் போல ஒட்டுவது அன்று. எலும்புக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பி, உடல் எடை ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரவும்படி செய்வதே அதன் பணி.

டெஃப்லான் கிண்ணத்தின் தோல்வி

கிண்ணத்திற்கு அவர் முதலில் தேர்ந்த பொருள் டெஃப்லான். ஒட்டாத சமையல் பாத்திரங்களின் பூச்சாக நீங்கள் அறிந்துள்ள அதே பொருள்தான். வழவழப்பில் அதற்கு நிகராக அக்காலத்தில் வேறொன்று இல்லை. 1958-க்கும் 1962-க்கும் இடையில் ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு டெஃப்லான் கிண்ணங்கள் பொருத்தப்பட்டன. ஆண்டுக்கணக்கில் படுக்கையிலும் ஊன்றுகோலிலும் வாழ்ந்தவர்கள் வலியின்றி நடந்தனர். மருத்துவரும் நோயாளிகளும் ஒருங்கே மகிழ்ந்த காலம் அது.

ஆனால், மறுபரிசோதனைக்கு எடுத்த எக்ஸ்ரே படங்கள் வேறொன்றைக் காட்டின. வெண்ணிறமாகத் தெரியும் உலோகப் பந்து, கிண்ணத்தின் நடுவில் நிற்காமல் படத்துக்குப் படம் மேல்நோக்கி நகர்ந்திருந்தது. டெஃப்லான் தேய்ந்து பந்து அதற்குள் புதைந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். தேய்ந்த பொருள் எங்கும் மறைந்துவிடவில்லை. அது நுண்துகள்களாக மூட்டைச் சுற்றித் தங்கி, அங்கு அழற்சித் திசுவை உருவாக்கியது. அத்திசு அருகிலிருந்த எலும்பை அழித்தது. சில ஆண்டுகளுக்குள் மூட்டுகள் தளர்ந்தன. நோயாளிகளுக்கு மறு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

இத்தோல்வியை சார்ன்லி மறைக்கவில்லை. டெஃப்லானுக்கு உடல் திசு காட்டும் எதிர்வினையைப் பற்றி 1963-இல் மருத்துவ இதழில் எழுதினார். அதற்குமுன் டெஃப்லான் துகளையும் வேறொரு பிளாஸ்டிக்கின் துகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு பல மாதங்கள் கவனித்தார். டெஃப்லான் இருந்த இடம் கையால் தொட்டு உணரும் கட்டியாக வளர்ந்தது. மற்றொன்று இருந்த இடத்தில் அத்தகைய வளர்ச்சி தோன்றவில்லை. பொருள் வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது, அது தேயாமலும் இருக்க வேண்டும், தேய்ந்தாலும் அதன் துகளை உடல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது தெளிவாயிற்று.

புதிய பொருளும் பொறுமையும்

அந்த இரண்டாவது பிளாஸ்டிக் எதிர்பாராத வழியில் வந்தது. 1962-இல் விற்பனையாளர் ஒருவர், நெசவு எந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை ரைட்டிங்டன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பார்த்துப் பயனற்றது என ஒதுக்கினார். ஆனால் பட்டறையின் பொறியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மான எந்திரத்தில் பொருத்தி ஓடவிட்டார். இரவும் பகலும் மூன்று வாரங்கள் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அதைக் கண்ட சார்ன்லி தம் கருத்தை உடனே மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

இம்முறை அவர் அவசரப்படவில்லை. தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, எக்ஸ்ரே படங்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்ட பின்னரே இம்மூட்டைப் பிற மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்த இசைந்தார். அவ்வாறு பயன்படுத்த விரும்பியவர்கள் முதலில் ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

தொற்றைத் தடுத்தல்

செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டாலும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அழியும். தொடக்கக் காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அறுவை அரங்கின் காற்றிலுள்ள கிருமிகளே இதற்குப் பெரிதும் காரணம் எனச் சார்ன்லி கருதினார். வடிகட்டிய தூய காற்று மேலிருந்து கீழாக இடைவிடாது வீசும் தனி அறையை அமைத்தார். அறுவை செய்வோர் மூச்சுக்காற்று வெளியே பரவாதபடி உடல் முழுவதையும் மூடும் உடையை அணிந்தனர். இவ்வாறான படிப்படியான மாற்றங்களால் தொற்று விகிதம் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழாகக் குறைந்தது.

எக்ஸ்ரே படத்தை அளவுகோலாக்கியது

பாலிஎத்திலீன் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. ஆகவே கிண்ணத்தின் விளிம்பைக் காட்டுவதற்காக அதில் ஓர் உலோகக் கம்பி பதிக்கப்பட்டது. கம்பிக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளியை முதல் படத்திலும் பின்னர் எடுத்த படத்திலும் அளந்தால், கிண்ணம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை அறியலாம். ஒன்பது, பத்து ஆண்டுகள் கடந்த மூட்டுகளை இம்முறையில் அளந்து, 1975-இல் சார்ன்லியும் அவருடைய சக ஆய்வாளரும் சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர் எனக் கண்டனர். பத்து ஆண்டுகளில் இது ஒன்றரை மில்லிமீட்டர் ஆகும். இவ்வளவு சிறிய மாற்றத்தை நோயாளி உணர இயலாது. முறையாக அளப்பவரே கண்டறிய முடியும்.

1976-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஸ்ஸி டீலீயுடன் இணைந்து சார்ன்லி வெளியிட்ட ஆய்வு இன்றும் உங்கள் எக்ஸ்ரே அறிக்கையில் வாழ்கிறது. சிமென்ட் வைத்துப் பொருத்திய கிண்ணத்துக்கும் எலும்புக்கும் இடையில் சில படங்களில் மெல்லிய கருங்கோடு தெரியும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெண்மையாகவும், எலும்பு இல்லாத இடம் கருமையாகவும் தெரிவதால், அக்கோடு அங்கு எலும்பின் நேரடிப் பிடிப்பு இல்லை என்பதைக் காட்டுகிறது. இதனை ஒளிபுகு கோடு என்பர். கோடு எங்கே உள்ளது என்பதை எல்லா மருத்துவரும் ஒரே விதமாகக் குறிப்பதற்காக, கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை அவர்கள் மூன்று மண்டலங்களாகப் பிரித்தனர். மேற்புற வெளிப்பகுதி முதல் மண்டலம், நடுப்பகுதி இரண்டாம் மண்டலம், கீழ்ப்புற உட்பகுதி மூன்றாம் மண்டலம் ஆகும்.

சராசரியாகப் பத்து ஆண்டுகள் கடந்த 141 மூட்டுகளை அவர்கள் ஆராய்ந்தனர். பத்தில் ஏறத்தாழ ஏழு மூட்டுகளில் ஏதேனும் ஓர் அளவில் இக்கோடு காணப்பட்டது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோருக்கு எவ்விதத் தொல்லையும் இல்லை. கிண்ணம் இடம் பெயர்ந்து நகர்ந்தவை பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவே. உங்கள் அறிக்கையில் ஒளிபுகு கோடு என்று எழுதப்பட்டிருந்தால் நீங்கள் உடனே அஞ்ச வேண்டியதில்லை. மெல்லிய கோடு ஆண்டுகள் பல கடந்தும் மாறாமல் இருந்தால் பொதுவாகக் கவலைக்குரியதன்று. அது அகலமாகிறதா, மண்டலத்திலிருந்து மண்டலத்திற்குப் பரவுகிறதா என்பதே முக்கியம். அதை ஒரே படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. பழைய படம் அருகில் இருந்தால்தான் சொல்ல இயலும்.

தொடை எலும்புக்குள் நிற்கும் தண்டைச் சுற்றியுள்ள பகுதியை ஏழு மண்டலங்களாகப் பிரிக்கும் முறையை, 1979-இல் அமெரிக்காவில் குரூயன் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்தனர். டீலீ-சார்ன்லி மண்டலங்கள், குரூயன் மண்டலங்கள் என்னும் பெயர்களை உங்கள் அறிக்கையில் நீங்கள் காணலாம்.

எலும்பு ஏன் கரைகிறது

பாலிஎத்திலீன் டெஃப்லானைவிட மிகக் குறைவாகத் தேய்ந்தாலும், தேயாமல் இருக்கவில்லை. ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பெருமளவில் உதிர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. உடலைத் தூய்மைப்படுத்தும் விழுங்கணுக்கள் இவற்றை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. அச்சுரப்புகள் எலும்பைக் கரைக்கும் அணுக்களை முடுக்கிவிடுகின்றன. இவ்வாறு மூட்டைச் சுற்றி எலும்பு கரைவதை எலும்புக் கரைவு என்கிறோம்.

1970-களில் இதைக் கண்ட பல மருத்துவர்கள் சிமென்டே இதற்குக் காரணம் எனக் கருதினர். பின்னர் சிமென்ட் இல்லாமல் பொருத்தப்பட்ட மூட்டுகளிலும் அதே கரைவு காணப்பட்டபோது, துகள் எதுவாயினும் கரைவு நிகழும் என்பது புலனாயிற்று. டெஃப்லான் நோயாளிகளிடம் சார்ன்லி கண்டதும் இதே செயல்தான். அங்கே அது விரைவாக நிகழ்ந்தது, இங்கே மெதுவாக நிகழ்கிறது. 1990-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் தேய்மானத்தைப் பெரிதும் குறைத்துள்ளது. எனவே, அண்மைக் காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இவ்வகைக் கரைவு குறைவாகவே ஏற்படுகிறது.

தேய்மானம் மட்டுமே எலும்பு இழப்புக்குக் காரணம் என்பதும் இல்லை. முன்பு எலும்பு தாங்கிய எடையை இப்போது உலோகத் தண்டு தாங்குவதால், வேலை குறைந்த மேற்பகுதி எலும்பு சற்று மெலியும். இது பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் நிகழ்ந்து பிறகு நிலைபெறும். தொற்றினால் ஏற்படும் எலும்பு இழப்போ விரைவானது, உடனடிக் கவனம் தேவைப்படுவது. இம்மூன்றையும் பிரித்தறிவதே படிமப் பரிசோதனைகளின் நோக்கம்.

இறுதி ஆண்டுகள்

1974-இல் லாஸ்கர் விருதும், 1975-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும், 1977-இல் சர் பட்டமும் சார்ன்லிக்குக் கிடைத்தன. 1979-இல் தம் அனுபவம் முழுவதையும் நூலாக வெளியிட்டார். புகழ் வந்தபின்னும் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பரிசோதிப்பதை அவர் கைவிடவில்லை. இறந்தபின் தம் செயற்கை மூட்டை எடுத்து ஆராய நோயாளிகள் முன்கூட்டியே இசைவு அளிக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டார். பலர் இசைந்தனர். பொருந்தி நின்ற மூட்டின் உட்புறம் எவ்வாறு இருக்கும் என்பதையும், எக்ஸ்ரே கோட்டின் பின்னால் உள்ளது என்ன என்பதையும் மருத்துவ உலகம் அறிந்ததில் அந்த நோயாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், தமது 70-ஆம் வயதில் சார்ன்லி மறைந்தார்.

இன்றைய படிமப் பரிசோதனைகள்

சார்ன்லி பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தை நம்பியே பணியாற்றினார். இன்று உங்கள் மருத்துவர் தேவைக்கேற்பப் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தேர்வார்.

எக்ஸ்ரே: முதலில் எடுக்கப்படுவதும் பெரும்பாலோருக்குப் போதுமானதும் இதுவே. நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் எடுக்கப்படும். ஒரு முறை இடுப்பு எக்ஸ்ரே எடுப்பதால் சேரும் கதிர்வீச்சு, நாம் இயற்கையிலிருந்து சில மாதங்களில் பெறும் அளவே. எனினும் உலோகம் தனக்குப் பின்னாலுள்ள எலும்பை மறைத்துவிடுவதால், எக்ஸ்ரே கரைவின் அளவைக் குறைத்தே காட்டும். ஆகவே சில நேரங்களில் உங்களைச் சாய்வாகப் படுக்கவைத்தும் படம் எடுப்பர். இப்படங்கள் ஜுடே படங்கள் எனப்படும். மேலே கூறிய ஜுடே சகோதரர்களுள் ஒருவரின் பெயரே இது.

சி.டி. ஸ்கேன்: எலும்பை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும். உலோகத்தால் ஏற்படும் பட இடையூறைக் குறைக்கும் மென்பொருள் இப்போது உண்டு. கரைந்த பள்ளத்தின் இடத்தையும் கன அளவையும் இது எக்ஸ்ரேயைவிடத் துல்லியமாகத் தரும். மறு அறுவைக்குத் திட்டமிடும்போது பெரிதும் பயன்படும். கதிர்வீச்சு அளவு எக்ஸ்ரேயைவிட அதிகமாதலால் தேவையின்றி எடுக்கப்படுவதில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: கதிர்வீச்சு இல்லாதது. உலோக இடையூறைக் குறைக்கும் சிறப்பு முறையில் எடுத்தால், மூட்டைச் சுற்றியுள்ள அழற்சித் திசு, நீர்க்கோப்பு, தசைச் சேதம் ஆகியவற்றைக் காட்டும். உங்களுக்குச் செயற்கை மூட்டு இருப்பதை ஸ்கேன் பிரிவில் கட்டாயம் தெரிவியுங்கள்.

டெக்ஸா ஸ்கேன்: எலும்பின் தாது அடர்த்தியை அளப்பது. எலும்புத் தாதுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தபின்னரே எக்ஸ்ரே படத்தில் அது கண்ணுக்குப் புலப்படும். டெக்ஸாவோ சில விழுக்காடு குறைவையும் காட்டவல்லது. தண்டைச் சுற்றியுள்ள ஏழு மண்டலங்களையும் தனித்தனியே அளப்பதற்கான மென்பொருள் எல்லா மையங்களிலும் இருப்பதில்லை.

ஆர்.எஸ்.ஏ. முறை: அறுவையின்போது எலும்பில் பதிக்கப்படும் சிறு டான்டலம் மணிகளைக் குறியாகக் கொண்டு, இரு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவானது. ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நகர்வையும் கண்டறியும். பெரும்பாலும் ஆய்வுகளில் மட்டுமே பயன்படுகிறது.

முன்கூட்டியே அறிவதால் என்ன பயன்

எலும்புக் கரைவு தொடக்கத்தில் வலி தருவதில்லை. மூட்டு தளரும்போதோ மெலிந்த எலும்பு முறியும்போதோதான் வலி தோன்றும். அந்நிலையில் இழந்த எலும்பை ஈடுசெய்வது கடினம். அறுவை நீளும், குருதி இழப்பு மிகும், மீண்டெழும் காலமும் கூடும். கரைவைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பல நேரங்களில் தொடர்ந்து கவனித்து வருவதே போதுமானதாக இருக்கும். சிலருக்குத் தேய்ந்த பிளாஸ்டிக் உட்பகுதியை மட்டும் மாற்றி, கரைந்த இடத்தில் எலும்புத் துகளை நிரப்பினால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அறுவைக்குப் பின் முதன்முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எல்லாப் பிற்காலப் படங்களும் அதனோடுதான் ஒப்பிடப்படும். படம் குறுந்தகட்டில் இருந்தால் அதற்கு ஒரு படி எடுத்து வையுங்கள்.

2. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் பழைய படங்கள் அனைத்தையும், பொருத்தப்பட்ட மூட்டின் வகையும் அளவும் குறித்த ஒட்டுச்சீட்டையும், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

3. பொதுவாக ஆறாவது வாரத்திலும் ஓராண்டு முடிவிலும் பரிசோதனை நடைபெறும். அதன்பின் உங்கள் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், வலி இல்லாவிட்டாலும் செல்லுங்கள். பத்து ஆண்டுகள் கடந்த மூட்டுக்கு இது மேலும் முக்கியம்.

4. பராமரிப்பாளர்கள் நோயாளியின் நடையைக் கவனியுங்கள். புதிதாக நொண்டுதல், ஒரு கால் குட்டையானதுபோல் தோன்றுதல், படியேறத் தயங்குதல் ஆகியவற்றை நோயாளி உணருமுன் நீங்கள் காணக்கூடும்.

5. அறிக்கையில் புரியாத சொல் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். முந்தைய படத்தைவிட மாற்றம் உள்ளதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி.

காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்: அடிவயிற்றின் ஓரத்தில் தொடை தொடங்கும் மடிப்பிலோ தொடையிலோ புதிதாகத் தோன்றும் வலி, ஓய்விலும் இரவிலும் நீடிக்கும் வலி, காய்ச்சல், அறுவைத் தழும்பிலிருந்து நீர் அல்லது சீழ் கசிதல், மூட்டிலிருந்து ஒலி எழுதல், கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை. காய்ச்சலோ சீழோ இருந்தால் மருத்துவரைக் காணாமல் நீங்களாகவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்ளாதீர்கள். பரிசோதனைக்கு முன் அவற்றை உட்கொண்டால் கிருமியைக் கண்டறிவது கடினமாகிவிடும்.

டெஃப்லான் மூட்டோடு மகிழ்ச்சியாக நடந்து வந்த நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வந்ததனால்தான் அதன் குறை வெளிப்பட்டது, நீண்ட காலம் உழைக்கும் மூட்டும் உருவாயிற்று. அடுத்த பரிசோதனை நாளை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் வலி இல்லாவிட்டாலும் பழைய படங்களோடு வாருங்கள்.